ஆரத்தித் தட்டும் தராசும்

(நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். மேசையில் செய்துகாட்டிய சோதனைகளும் பேசியபடியே சேர்க்கப்பட்டுள்ளன.)



ஏழாம் வகுப்புப் பிள்ளையை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு பதில் தப்பாமல் வரும். இயற்பியல் மாற்றம் மீளும். வேதியியல் மாற்றம் மீளாது. பனிக்கட்டி உருகுவது முதல் வகை, காகிதம் எரிவது இரண்டாம் வகை. நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எழுதினால் முழு மதிப்பெண். நாமும் அப்படித்தான் படித்தோம். பெரும்பாலும் அப்படித்தான் நடத்துகிறோம். அந்த அட்டவணையோடு கொஞ்சம் சண்டை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

இதோ ஒரு தாம்பாளம். தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கரைத்திருக்கிறேன். வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பில் மிளகளவு எடுத்து இதில் போட்டுக் கலக்குகிறேன். பின் வரிசைக்குத் தெரிகிறதா? செக்கச்செவேலென்று ஆரத்தி. கல்யாண வீட்டில் எத்தனை தடவை பார்த்திருப்போம், வகுப்பறைக்குள் மட்டும் கொண்டுவந்ததில்லை. இப்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிகிறேன். சிவப்பு போயிற்று, மஞ்சள் வந்துவிட்டது. மறுபடியும் சுண்ணாம்பு போடுகிறேன், சிவப்பு. மறுபடியும் எலுமிச்சை, மஞ்சள். தட்டு நிரம்பும்வரை இப்படியே போய்வரலாம்.

இது எந்த வகை மாற்றம்? அட்டவணைப்படி பார்த்தால் மீள்கிறது, ஆகவே இயற்பியல். ஆனால் நடந்திருப்பது அதுவல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சுண்ணாம்பின் காரத்தில் தன் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. மூலக்கூறு மாறியதால் அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது, நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சையின் அமிலம் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. சுத்தமான வேதியியல். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து பயமுறுத்துவதும், அலசியதும் பழையபடி மஞ்சளாவதும் இதே கதைதான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். இந்தக் காகிதத்தை நாலாகக் கிழிக்கிறேன். யாராவது பழையபடி ஆக்கித் தாருங்கள் பார்க்கலாம். பசை போட்டு ஒட்டலாம், ஆனால் கிழிந்தது கிழிந்ததுதான். மீளவில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டும் காகிதமே. அரிசியை மாவாக அரைத்தால் திரும்ப அரிசி ஆகாது. அதனால் அது வேதியியல் மாற்றம் ஆகிவிடுமா?

ஆக, மீளுமா மீளாதா என்ற அளவுகோல் இரண்டு பக்கமும் ஓட்டை. பாடநூல்களிலும் உண்மையான அளவுகோல் முதல் வரியிலேயே இருக்கிறது: புதிய பொருள் உண்டானதா இல்லையா. அதை விட்டுவிட்டு நாம் ஏன் மீள்வதைப் பிடித்துக்கொண்டோம்? அது சுலபம் என்பதால். புதிய பொருள் உண்டானது என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிடமே ஒரு பிள்ளை எழுந்து, "அது எப்படி சார் தெரியும்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் போதாது. ஏதாவது செய்து காட்டியாக வேண்டும்.

வகுப்பறைச் சோதனை என்று நான் சொல்வது இதைத்தான். தெரிந்த பதிலை மெய்ப்பிக்கச் செய்வது சோதனையல்ல, அது காட்சி. பள்ளி அறிவியல் கண்காட்சியில் எரிமலை பொங்குகிறதே, அந்த மாதிரி. எனக்கு அதில் விரோதமில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொங்கி முடிந்ததும் பிள்ளை கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறது.

மெழுகுவர்த்திக்கு வருவோம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஆறு சொற்பொழிவு ஆற்றினார். 1848இல் ஒருமுறை, 1860 டிசம்பர் தொடங்கி இன்னொரு முறை. இரண்டாவது தடவை பேசியதை வில்லியம் குரூக்ஸ் 1861இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், முறையான படிப்பு அதிகமில்லாதவர், அன்றைக்கு உலகின் தலைசிறந்த சோதனை அறிஞர். குழந்தைகளிடம் பேச அவர் எடுத்துக்கொண்டது கடையில் கிடைக்கும் மெழுகுவர்த்தி.

விளக்கை அணைக்கிறேன். இதோ மெழுகுவர்த்தி எரிகிறது. நம் அட்டவணையில் இது வேதியியல் பக்கம் இருக்கிறது. ஆனால் உற்றுப் பாருங்கள்: திரியைச் சுற்றி ஒரு குழி, குழியில் உருகிய மெழுகு. திண்மம் திரவமானது இயற்பியல். திரவம் திரியில் ஏறுகிறது, அதுவும் இயற்பியல். திரியின் நுனியில் ஆவியாகிறது, அதுவும் இயற்பியல். எரிவது அந்த ஆவி மட்டும்தான். ஆவிதான் எரிகிறது என்பது எப்படித் தெரியும்? ஊதி அணைக்கிறேன். திரியிலிருந்து வெள்ளைப் புகை நூலாக எழுகிறது. தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டுகிறேன். பார்த்தீர்களா? தீ புகையைப் பிடித்துக் கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது. குச்சி திரியைத் தொடவே இல்லை. ஃபாரடே இன்னும் ஒரு படி மேலே போனார். சுடரின் நடுவே கருத்த பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை நுழைத்து, மறுமுனையில் வெளிவந்த ஆவியைத் தனியே கொளுத்திக் காட்டினார்.

எரிந்து என்ன ஆகிறது? ஒரு எவர்சில்வர் கரண்டியை மஞ்சள் சுடரில் நொடி நேரம் காட்டினால் கரி படிகிறது. வெள்ளை மெழுகுக்குள் கறுப்பு எங்கே இருந்தது? காய்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தால் உள்பக்கம் மூச்சுப் பட்டது போல மங்குகிறது. தண்ணீர்! நெருப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதைப் பிள்ளைகள் லேசில் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம். ஃபாரடே பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய கிண்ணத்தைச் சுடருக்கு மேலே வைத்துத் தண்ணீரைச் சொட்டவைத்தார். லண்டன் குளிர்காலத்தில் அது எடுபடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ பனிக்கட்டி போட்ட தம்ளரைச் சும்மா மேசையில் வைத்தாலே வியர்த்து வடியும். ஒரு கெட்டிக்காரப் பெண் எழுந்து, "அது காத்துல இருந்த தண்ணி சார்" என்று சொன்னால் சோதனை படுத்துவிடும். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லாதீர்கள். அவள்தான் வகுப்பை நடத்துகிறாள். இரண்டாவது தம்ளர் ஒன்றை அதே பனிக்கட்டியோடு சுடர் இல்லாத இடத்தில் வையுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள் என்று அவளிடமே விடுங்கள். அல்லது நான் செய்தது போல பனிக்கட்டியே இல்லாமல், அறைச் சூட்டில் இருக்கும் காய்ந்த தம்ளரால் செய்யுங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று வரையறை எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணவைப்பதைவிட இந்த ஐந்து நிமிடம் மேல்.

சுண்ணாம்பு நீர், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அதைத் தாண்டி, எனக்குப் பல நாளாக உறுத்தும் ஒன்றுக்குப் போகிறேன்.

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த கண்ணாடித் தம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, காலியான ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்று நாட்டில் பாதி வகுப்பறைகளில் சொல்கிறார்கள். பழைய சோதனை இது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே பைசாந்தியம் ஊர்க்காரரான ஃபிலோ எழுதிவைத்திருக்கிறார். ஆனால் நாம் சொல்லும் விளக்கம் தவறு.

கண்ணால் பார்த்தே அது தவறென்று கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இதில் அழகு. செய்கிறேன், பாருங்கள். தம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பு வழியாகக் குமிழ்கள் வெளியேறுகின்றன. சூடான காற்று விரிந்து தப்பிப் போகிறது. சுடர் எரியும்போது தண்ணீர் மெதுவாகத்தானே ஏற வேண்டும்? ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தீரும்? ஆனால் இதோ, பெரிதாக ஏறவில்லை. சுடர் மங்கி அணைந்த பிறகுதான் ஒரே மூச்சில் ஏறுகிறது. எரியும்போது ஏறாமல் அணைந்தபின் ஏறுவது எதற்காக? உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதால். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். காற்றில் ஆக்சிஜன் மூன்று மடங்காகிவிட்டதா என்ன?

உண்மையில் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. மெழுகுவர்த்தி அது 16 விழுக்காட்டுக்குக் கிட்ட இறங்கும்போதே அணைந்துவிடும். அந்த ஐந்திலும் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாறி உள்ளேயே இடம்பிடித்துக்கொள்கிறது. ஆக நம் கண்முன் தண்ணீர் ஏறியது பெரும்பாலும் இயற்பியல் மாற்றத்தால். நாமோ அதை வேதியியலுக்குச் சாட்சியாக நிறுத்திவைத்திருக்கிறோம்.

ஐந்தில் ஒரு பங்கை நேர்மையாகக் காட்ட வழி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். இரும்புக் கம்பி நாரைத் தண்ணீரில் நனைத்து ஒரு சோதனைக் குழாயின் அடியில் திணியுங்கள். குழாயைக் கவிழ்த்து ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். அப்படியே ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். நெருப்பில்லை, சூடில்லை, குமிழில்லை. இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க நாளுக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறி, சில நாளில் குழாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் வந்து நின்றுவிடும். மேலும் ஒரு வாரம் வைத்தாலும் ஏறாது. கட்டைவிரலால் வாயை மூடிக் குழாயை நிமிர்த்தி, எரியும் தீக்குச்சியை உள்ளே விட்டால் பொசுக்கென்று அணையும்.

கடைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. பாத்திரம் தேய்க்கும் பளபள சுருள் கம்பி பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. அதை வைத்தால் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தும் முடிவுகட்ட முடியாது, சில வகை எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும். ஒரு துண்டை நனைத்து ஓரிரவு வைத்துப் பாருங்கள், துரு கண்டால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து லேத் பட்டறையில் இரும்புச் சீவல் கேளுங்கள்; ஒரு பை நிறைய சும்மாவே தருவார்கள். அதில் எண்ணெய் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகரில் ஒருமுறை அலசிப் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் படலம் போனால்தான் துரு பிடிக்கும்.

அடுத்தது தராசு. வேதியியல் மாற்றத்தைப் பற்றிய பேச்சில் தராசு இல்லையென்றால் வெறும் வேடிக்கைதான் மிஞ்சும். பிரான்சின் அந்துவான் லவாய்சியே செய்தது அதுதான். அவர் 1774இல் மூடிய கலத்துக்குள் வெள்ளீயத்தைச் சூடேற்றினார். உலோகம் நீறானது, ஆனால் கலத்தின் மொத்த எடை மாறவில்லை. திறந்ததும் காற்று விர்ரென்று உள்ளே போயிற்று. எடை அப்போதுதான் கூடியது. எரிந்தால் எடை குறையும் என்று நினைப்பவர்களுக்கு, தராசுத் தட்டின் மேல் ஒரு தகரத் தட்டு வைத்து அதில் கம்பி நாரைக் கொளுத்திக் காட்டுங்கள். தீப்பொறி பறந்து அணைந்ததும் எண் கூடியிருக்கும். காகிதத்தை அப்படியே எரித்தால் குறையும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். வாக்குவாதம் தானாக மூளும்.

இன்று சமையலறை டிஜிட்டல் தராசு எல்லா ஊரிலும் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 5 கிராம். வினிகர் 100 மில்லி. திறந்த பாத்திரத்தில் கலந்தால் நுரைத்துப் பொங்கி அடங்கும்போது இரண்டரை கிராம் போல எடை குறையும். 84 கிராம் சோடாவிலிருந்து 44 கிராம் வாயு வரும் என்ற கணக்குக்குச் சரியாக வருகிறது. பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். வேதிவினை என்றால் சூடு கிளம்பும் என்பது இன்னொரு நம்பிக்கை. இங்கே அதுவும் பொய்க்கிறது.

வாயுவைப் பிடித்துவைத்தால் எடை மாறக்கூடாது இல்லையா? எல்லோரும் பாட்டில் வாயில் பலூனை மாட்டுகிறோம். பலூனுக்குள் சோடா, பாட்டிலில் வினிகர். பலூனைத் தூக்கிக் கொட்டினால் அது உப்புகிறது. வாயு எங்கும் போகவில்லை. ஆனால் தராசு ஒரு கிராம், ஒன்றரை கிராம் குறைவாகக் காட்டும்! ஆசிரியர் கசிவு என்று நினைத்து ரப்பர் வளையம் போட்டு இறுக்குவார். அப்போதும் குறையும். கடைசியில் பிள்ளைகளிடம், "சரியாகச் செய்தால் மாறாது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தில் அன்றைய அறிவியல் வகுப்பு முடிந்துபோகிறது.

கசிவு இல்லை. உப்பிய பலூன் ஒரு லிட்டருக்கு மேல் காற்றை விலக்கியிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். தண்ணீரில் மூழ்கிய பொருளைத் தண்ணீர் தூக்குவது போலவே காற்றும் பலூனைத் தூக்குகிறது. தராசு சொன்னது உண்மை, அது சொன்னது வேறொரு கேள்விக்குப் பதில். மிதப்பு விசைப் பாடமும் வேதியியல் பாடமும் இந்தப் பலூனில் வந்து முட்டிக்கொள்கின்றன. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அது பொறி தட்டினால், ஆண்டு முழுதுக்கும் அது போதும்.

உப்பாத கலம் வேண்டுமானால் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை எடுங்கள். அரைத் தேக்கரண்டி சோடாவை மெல்லிய தாளில் பொட்டலம் கட்டி வினிகரில் போட்டு உடனே மூடியை இறுக்குங்கள். பாட்டில் விறைக்கும், எடை அசையாது. மூடியை லேசாகத் திறந்தால் உஸ்ஸென்று சத்தம், ஒரு கிராம் போல எண் இறங்கும். சோடாவை அள்ளிப் போடாதீர்கள், கண்ணாடி பாட்டிலில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. மீளும், மீளாது என்ற பேச்சுக்கு நம் மண்ணிலேயே இதைவிடப் பெரிய பதில் கிடையாது. பழவேற்காடு ஏரிப் பக்கம் கிளிஞ்சல் அள்ளிக் காளவாயில் சுடுவது பழைய தொழில். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். 900 டிகிரி வாக்கில் சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய், 100 கிலோவில் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகும். அதைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம், அல்லது அரைத்துச் செட்டிநாட்டு வீடுகளில் போலப் பூச்சாகப் பூசுகிறோம். சுவர் காய்வது தண்ணீர் வற்றுவதால் மட்டுமல்ல. வாரக்கணக்கில் அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிறது. அடுப்பில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. ஏரியில் கிடந்த கிளிஞ்சலின் பொருள்தான் இப்போது சுவரில் இருக்கிறது. மூன்று வேதியியல் மாற்றங்கள், சுற்றி வந்து தொடங்கிய பொருளிலேயே முடிகின்றன.

இந்தச் சுற்றின் கடைசிப் பகுதியை வகுப்பில் பத்து நிமிடத்தில் காட்டலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு மேலே இருக்கும் தெளிநீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுகுழலால் ஊதினால் பால்போல் வெளுக்கும். எல்லோரும் இங்கே நிறுத்திவிடுகிறோம், நிறுத்தாதீர்கள். விடாமல் ஊதச் சொல்லுங்கள். தெளிநீர் நன்றாக நீர்த்திருந்தால் பால் மெல்ல மெல்லத் தெளிந்து மறுபடி தண்ணீர்போல் ஆகிவிடும். பிள்ளைகள் திகைப்பார்கள். அந்தத் தெளிந்த நீரைக் கொதிக்கவைத்தால் திரும்பவும் கலங்கும். கால்சியம் கார்பனேட், மிகுதியான கார்பன் டை ஆக்சைடால் கரையும் பைகார்பனேட்டாகி, சூட்டில் மறுபடி கார்பனேட்டாகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கொள்கிறதே, ஹீட்டர் கம்பியில் ஓடுபோல் படிகிறதே, அதேதான். வீட்டிலிருந்து ஒரு துண்டு அந்தப் படிவைச் சுரண்டி எடுத்துவந்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கட்டும், குமிழ் விடும்.

மயில்துத்தமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நீலப் படிகத்தைச் சூடாக்கினால் வெளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீரில் நீலம் திரும்பும். வேதியியல்தான், ஆனால் மீள்கிறது. அது நஞ்சு, பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள்.

இதெல்லாம் 45 நிமிடப் பாடவேளையில், ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா என்று முகங்களில் தெரிகிறது. நியாயம். ஆனால் நம் நாட்டில் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் ஓர் அறிவியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. பிறகு 1982இல் உருவான ஏகலவ்யா அதை எடுத்து நடத்தியது. ஆயிரம் பள்ளிகள் அளவுக்குப் பரவியது. சாதாரண கிராமத்துப் பள்ளிகள், மலிவான கருவிப் பெட்டி, பிள்ளைகளே செய்து பார்த்து நோட்டில் எழுதுவது, விடையை முன்கூட்டிச் சொல்லாத பாடநூல். அதைவிட முக்கியம், தேர்வையும் மாற்றினார்கள். புத்தகத்தையும் நோட்டையும் திறந்துவைத்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. முப்பதாண்டு நடந்தபின் 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. நிறுத்தியது சரியல்ல என்பது என் கருத்து. ஆனாலும் முப்பதாண்டு நடந்தது என்பதைச் சாதாரணப் பள்ளியில் முடியாது என்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தேர்வு என்ற இடத்தில்தான் எல்லாம் சிக்குகிறது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் உண்டு. நல்லது. ஆனால் மாற்றங்களைப் பற்றிய பாடம் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது, அங்கே அட்டவணைதான் ராஜா.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். உப்பு தண்ணீரில் கரைவது எந்த மாற்றம்? இயற்பியல் மாற்றம் என்பது விடைக்குறிப்பு. தண்ணீரை வற்றவைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கிறது, ஆகவே சரி. ஆனால் கரையும்போது படிகத்தில் இறுகப் பிணைந்திருந்த சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் பிரிந்து, ஒவ்வொன்றையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. பிணைப்பு அறுந்தால் வேதியியல் என்று சொல்லும் வேதியியலாளர்களும் உண்டு. இது அவர்களுக்குள்ளேயே தீராத வழக்கு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடுவே உள்ளது நாம் போட்ட வரப்பு, அடியில் மண் ஒன்றுதான். வரப்பு உபயோகமானது, பாத்தி கட்ட வேண்டும் அல்லவா. அதற்காக அதை மலைத்தொடர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "உப்பு கரைவதில் இரண்டு விதமாகவும் சொல்லலாம்" என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்கு நாம் இப்போது பூஜ்யம் போடுகிறோம். அதிக மதிப்பெண் அதற்குத்தான் போட வேண்டும்.

கேள்வித்தாளை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை, தெரியும். மாதாந்திரத் தேர்வுக் கேள்வி உங்கள் கையில்தான் இருக்கிறது. "வேறுபடுத்துக" என்று கேட்பதை ஒருமுறை நிறுத்திவைத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: சர்க்கரையைச் சோதனைக் குழாயில் சூடாக்கினேன். உருகியது, பழுப்பானது, கருத்தது. குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளிகள் கண்டேன். அந்தத் தண்ணீர் சர்க்கரையிலிருந்து வந்ததா, சர்க்கரை முன்பே ஈரமாக இருந்ததா? கண்டுபிடிக்க என்ன செய்வாய்? இதற்கு ஒரே விடை கிடையாது. முதலில் சர்க்கரையை வெயிலில் காயவைப்பேன் என்று ஒருவன் எழுதுவான். காய்ந்த மணலை அதேபோல் சூடாக்கிப் பார்ப்பேன் என்று ஒருத்தி எழுதுவாள். திருத்த நேரம் பிடிக்கும். ஆனால் படிக்கச் சுவாரசியமாக இருக்கும். ஐம்பது தாளிலும் ஒரே வாக்கியத்தைப் படிப்பதிலிருந்து உங்களுக்கும் விடுதலை.

பாதுகாப்பைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன் என்பதால் அது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சமையலறைப் பொருள் என்ற பெயரே அசட்டுத் துணிச்சலைக் கொடுக்கும். இன்று எடுத்தவற்றில் எனக்கு அதிகப் பயம் நெருப்பில்லை, வெற்றிலைச் சுண்ணாம்புதான். கண்ணில் பட்டால் கருவிழியையே கெடுத்துவிடும். பாக்கெட்டைப் பிதுக்கும்போது தெறித்துப் பார்வையைப் பறிகொடுத்த குழந்தைகள் உண்டு. பாக்கெட்டை முகத்துக்கு எதிரே பிரிக்க விடாதீர்கள், நீங்களே பிரித்துக் கிண்ணத்தில் வையுங்கள். மலிவான பாதுகாப்புக் கண்ணாடி பத்து வாங்கிவைத்து முறைவைத்துப் போடச் சொல்லுங்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் தேய்க்காமல், சுண்ணாம்புத் துணுக்கு இருந்தால் அகற்றி, நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். எலுமிச்சை விட்டுச் சரிக்கட்டலாம் என்று யாரும் வேதியியல் மூளையைக் காட்டாதீர்கள். சுண்ணாம்பு நீரில் ஊதும்போது குழலை உறிஞ்சிவிடும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று இருக்கும். குழலின் மேல்பாகத்தில் ஊசியால் ஒரு துளை போட்டுக் கொடுத்தால் உறிஞ்சினாலும் நீர் வாய்வரை ஏறாது. தீக்குச்சியும் சாராய விளக்கும் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

மதியம் இரண்டு மணிக்குக் குழுவாகப் பிரிந்து பலூன் சோதனையை நீங்களே செய்யப் போகிறீர்கள். தராசு எட்டு இருக்கிறது. எண் குறைந்தால் யாரும் ரப்பர் வளையம் தேடி ஓடாதீர்கள். எவ்வளவு குறைந்தது, பலூன் எவ்வளவு பெரிதானது என்று இரண்டையும் எழுதிவையுங்கள். கரும்பலகையில் எட்டுக் குழுவின் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். முன்வரிசையில் சுண்ணாம்புக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போங்கள்.